ஃபோன் மைக்கில் அறை ஒலித் திருத்தம்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

ஸ்பீக்கரில் ஒரு ஸ்வீப், அதாவது தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம் வரை வழுக்கிச் செல்லும் சோதனை ஒலி, ஓடவேண்டும், நீங்கள் உட்காரும் இடத்தில் ஃபோன் அதைக் கேட்கவேண்டும், வந்த கிராஃபைப் பார்த்து ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) போடவேண்டும். வேலை இவ்வளவுதான். விய்ம் ஸ்ட்ரீமரின் (இணையப் பாட்டை ஆம்ப்புக்குக் கொடுக்கும் பெட்டி) ஆப்பும் ஐபோனில் ஓடும் ஹவுஸ்கர்வ் என்ற ஆப்பும் இதைத்தான் செய்கின்றன. ஃபோனில் பதிவுசெய்து கணினியில் ஆர்ஈடபிள்யூ என்ற அளவீட்டு மென்பொருளுக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். தொல்லை எங்கே என்றால், கிராஃபில் தெரியும் மேடுபள்ளங்களில் சில அறையுடையவை, சில ஃபோனுடையவை. ஃபோனின் குறையை அறையின் குறை என்று எடுத்துக்கொண்டு திருத்தினால், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் கெட்டுப்போகும்.

அதனால் கீழே எந்த அறிகுறியானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஃபோனைச் சந்தேகியுங்கள், அடுத்து இணைப்பையும் அமைப்பையும், கடைசியாக அறையை.

ஒரு விஷயம் முன்கூட்டியே. ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) வரும் ஆடிஸி, யமஹாவின் ஒய்பிஏஓ போன்ற தானியங்கி அறைத் திருத்த வசதிகள் இந்தக் கணக்கில் வராது. அவை பெட்டியோடு வந்த மைக்கைத்தான் கேட்கும். ஆடிஸியின் ஆப் ஃபோனில் ஓடினாலும் அளப்பது ரிசீவரில் செருகிய மைக். ஃபோன் அங்கே ரிமோட் மட்டுமே. அந்த மைக் தொலைந்துபோனால் ஃபோனை வைத்துச் சமாளிக்க முடியாது.

அளப்பதற்கு முன்: ஃபோனைச் சோதிக்கும் மூன்று வழிகள்

முதலாவது, எந்த ஓட்டை கேட்கிறது என்று கண்டுபிடிப்பது. இப்போதைய ஃபோன்களில் குறைந்தது இரண்டு மைக் இருக்கும்: சார்ஜர் செருகும் பக்கம் ஒன்று, மேல் விளிம்பிலோ கேமரா பக்கத்திலோ இன்னொன்று. அளவு காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையின் அருகிலும் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மீட்டர் எங்கே துள்ளுகிறதோ அதுதான் அளக்கும் மைக். பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான். சில ஆப்களில் இரண்டு ஓட்டைக்கும் துள்ளும். அப்படியானால் அமைப்பில் மோனோ என்றோ கீழ் மைக் என்றோ தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா பாருங்கள். ஊசியையோ சிம் பின்னையோ உள்ளே விடாதீர்கள். ஓட்டைக்கு உள்ளே இருப்பது மிக மெல்லிய சிலிக்கான் சவ்வு. ஒரு குத்தில் போய்விடும்.

இரண்டாவது, ஃபோனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வைத்து, ஒரே இடத்தில் இரண்டு முறை அளப்பது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு கோடும் அரை டெசிபலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழவேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்வீப்பின் அளவைச் சரியாக 6 டெசிபல் குறைத்து மறுபடி அளங்கள். ஆர்ஈடபிள்யூவில் என்றால் −12இலிருந்து −18க்கு. கோடு முழுவதும் 6 டெசிபல் கீழே இறங்கவேண்டும், வடிவம் மாறக்கூடாது. இறங்கியது 2 டெசிபல்தான் என்றாலோ, பேஸ் மட்டும் இறங்கி நடுப்பகுதி அப்படியே இருந்தாலோ ஃபோன் தன்னிஷ்டத்துக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தக் கிராஃபை வைத்து எதையும் திருத்தாதீர்கள்.

ஸ்வீப் ஓடுகிறது, ஆனால் "ஒலி கேட்கவில்லை" என்கிறது ஆப்

ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் பட்டியில் மைக்கை மொத்தமாக அணைக்கும் பொத்தான் உண்டு. அதைப் பாருங்கள். அடுத்து ஆப்புக்கான மைக் அனுமதி. அதற்கும் மேல், பின்னணியில் கால் ரெக்கார்டரோ குரல் உதவியாளரோ மைக்கைப் பிடித்து வைத்திருக்கலாம். அவற்றை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் ஒலி போதவில்லை. உட்காரும் இடத்தில் 75 டெசிபல் சுற்றி இருப்பது நல்லது. அறையில் ஆள் பேசினால் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசவேண்டிவரும், அந்த அளவு. கேஸைக் கழற்றுங்கள். ரப்பர் கேஸின் ஓட்டை மைக் ஓட்டைக்கு நேராக இல்லாவிட்டால் அளவு குறைவதோடு, இடையில் மாட்டிய காற்று உயர் சுரங்களில் இல்லாத ஒரு மேட்டையும் உருவாக்கும்.

புளூடூத் ஸ்பீக்கர் என்றால் இன்னொரு காரணம்: தாமதம். சோதனை ஒலி ஃபோனிலிருந்து கிளம்பி ஸ்பீக்கரில் வர 200 மில்லிசெகண்ட் சாதாரணமாக ஆகும். சில ஆப்கள் அதற்குள் காத்திருந்து அலுத்துவிடும். வைஃபையிலோ கம்பியிலோ ஓட்டுங்கள்.

4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் கோடு செங்குத்தாக விழுகிறது

எந்த அறையும் இப்படிச் செய்யாது. புளூடூத்தில் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது ஆப் மைக்கைத் திறந்தால், ஃபோன் சில சமயம் பாட்டு முறையிலிருந்து அழைப்பு முறைக்குத் தாவிவிடும். அழைப்பு முறையில் ஒலி விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் போகவே போகாது. 4, 8 என்ற எண்கள் அங்கிருந்து வருபவை. இதைவிட வேடிக்கை, ஸ்பீக்கரிலேயே மைக் இருந்தால் ஃபோன் தன் மைக்கை விட்டுவிட்டு அந்த மைக்கில் கேட்க ஆரம்பிக்கும். ஸ்பீக்கரை ஸ்பீக்கரின் காதாலேயே அளந்து, அதை உட்காரும் இடத்தின் அளவு என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். நகத்தால் சுரண்டும் சோதனையை இந்த நிலையில் மறுபடி செய்தால் உடனே தெரிந்துவிடும்.

தீர்வு: ஃபோனின் புளூடூத் அமைப்பில் அந்த ஸ்பீக்கருக்கு "அழைப்புகள்" என்ற தேர்வை அணைத்து, "மீடியா" மட்டும் வைத்திருங்கள். இன்னும் நல்லது, சோதனை ஒலியை வேறு கருவியிலிருந்து ஓட்டுவது.

ஃபோனின் சொந்த ரெக்கார்டரில் பதிவுசெய்து கணினிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் கோப்பின் வகையைப் பாருங்கள். பழைய ரெக்கார்டர்களின் ஏஎம்ஆர் வடிவம் 3.4 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், மோனோ. இதுதான் வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். கோப்பாக, அதாவது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் கோடு விழுந்தால் அது கோப்பைச் சிறிதாக்கும் சுருக்கத்தின் வேலை. நம் காரியத்துக்கு அதனால் ஒன்றும் கெடாது.

பிங்க் நாய்ஸ் (மாறாமல் ஓடும் சோதனை இரைச்சல்) ஓட்டினால் முதலில் அளவு ஏறி, இரண்டு மூன்று விநாடியில் தானாக இறங்குகிறது

ஃபோனின் இரைச்சல் நீக்கி விழித்திருக்கிறது. மாறாமல் ஓடும் ஒலி எதுவானாலும் அதற்கு அது மின்விசிறி அல்லது ஏசி. பேச்சைக் காப்பாற்ற அதை அமுக்கிவிடும். கூடவே தானியங்கி அளவுக் கட்டுப்பாடும் இருந்தால், மெல்லிய ஒலியைத் தூக்கியும் பெரிய ஒலியைத் தாழ்த்தியும் எல்லாவற்றையும் சமமாக்கப் பார்க்கும். மேலே சொன்ன 6 டெசிபல் சோதனையில் தோற்கும் ஃபோன்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் தோற்கின்றன.

ஆண்ட்ராய்டில் ஆப் எந்த வழியாக மைக்கைக் கேட்கிறது என்பதே எல்லாம். நல்ல அளவீட்டு ஆப்களில் உள்ளீட்டு மூலம் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதில் "பதப்படுத்தாதது" இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த வழி உண்டு, ஆனால் எல்லா ஃபோனும் அதைத் தருவதில்லை. இல்லாவிட்டால் "குரல் அறிதல்". வழக்கமான "மைக்", "கேம்கார்டர்" இரண்டும் வேண்டாம். கேம்கார்டர் வழியில் இரண்டு மூன்று மைக்கைச் சேர்த்துத் திசை பார்க்கும் வேலையும் நடக்கும்.

ஐபோனில் அளவீட்டுக்கென்றே ஒரு முறை உண்டு. ஆப்பை எழுதியவர் அதைப் பயன்படுத்தியிருந்தால் பதப்படுத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே நிறுவனம், ஓரளவு ஒரே மாதிரி மைக் என்பதும் ஐபோனுக்குச் சாதகம். 2015இல் சோனோஸ் தன் ட்ரூபிளே வசதியைக் கொண்டுவந்தபோது, அறையெங்கும் ஃபோனை ஆட்டி அளக்கும் அந்த முறையை ஐபோன், ஐபேடுக்கு மட்டும் கொடுத்தது இதனால்தான்.

எதை மாற்றியும் அமுக்கல் போகவில்லை என்றால் பிங்க் நாய்ஸை விட்டுவிட்டு ஸ்வீப்புக்கு மாறுங்கள். ஸ்வீப் நகர்ந்துகொண்டே இருப்பதால் இரைச்சல் நீக்கி அதை எளிதில் பிடிப்பதில்லை. அதிலும் 6 டெசிபல் சோதனை தோற்றால் அந்த ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது. வீட்டில் கிடக்கும் பழைய ஃபோனைச் சோதித்துப் பாருங்கள். விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரே இடம், ஒவ்வொரு முறையும் வேறு கோடு

மின்விசிறி. முதலில் அதை நிறுத்துங்கள். விசிறிக் காற்று நேராக மைக் ஓட்டையில் பட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு குதித்துக்கொண்டே இருக்கும். அதோடு, சுழலும் இறக்கை ஒலியை வெட்டி வெட்டி அனுப்பும். உயர் சுரங்களும் நிலைக்காது. ஏசி, ஃப்ரிட்ஜ், தெருப்பக்க ஜன்னல் எல்லாம் அதற்கு அடுத்தபடி. இரவு பதினோரு மணிக்கு மேல் ஐந்து நிமிடம் விசிறி இல்லாமல் வேர்த்துக்கொண்டு அளப்பதே பல வீடுகளில் நடைமுறைத் தீர்வு.

ஃபோனைக் கையில் பிடித்தால் உள்ளங்கையும் மார்பும் ஒலியைத் திருப்பி அனுப்பும். கையில்தான் பிடிக்கவேண்டும் என்றால் கையை நீட்டி, மைக் முனை விரல்களிலிருந்து விலகி மேலே நிற்கும்படி ஃபோனைத் தலைகீழாகப் பிடியுங்கள்.

50 ஹெர்ட்ஸில் கூர்மையான மேடு

மின்சார ரீங்காரமா, அறையா? ஒலி எதையும் ஓட்டாமல், ஆம்ப்பை மட்டும் இயக்கி ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 50, 100, 150 என்று ஒழுங்காக ஊசிகள் நின்றால் அது எர்த் கோளாறோ இன்வெர்ட்டரோ. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் அளக்கவே வேண்டாம். ஆம்ப்பை அணைத்ததும் ஊசிகள் போய்விட்டால் கோளாறு ஒலிக் கம்பியில். போகாவிட்டால் சுவரில் எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் முனகுகிறது. ஸ்வீப் ஓடும்போது மட்டும் தெரிந்து, மேடு கொஞ்சம் அகலமாக இருந்தால் அது அறை. அறையுடையது என்றால் திருத்தலாம், எப்படி என்பது கீழே.

பேஸ் கோடு 80 ஹெர்ட்ஸிலிருந்தே சரிகிறது. திருத்தியபின் வூஃபர் அடித்துக்கொள்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஸ்பீக்கரைக் காலிசெய்யும் இடமும் இதுதான்.

ஃபோன் மைக் பேச்சுக்காகச் செய்தது. கையசைவும் காற்றும் உண்டாக்கும் கீழ் ஒலிகள் பேச்சுக்கு இடைஞ்சல் என்பதால், பல ஃபோன்கள் அவற்றை மின்சுற்றிலோ மென்பொருளிலோ வடிகட்டிவிடும். 2012இல் ஐஓஎஸ் 6 வரும்வரை ஐபோனிலேயே உள் மைக்கின் இந்த வடிகட்டியை ஆப்களால் அணைக்க முடியாது. ஆண்ட்ராய்டில் "பதப்படுத்தாதது" வழியைத் தரும் ஃபோனுக்குக் கூகிள் விதித்திருக்கும் வரம்பைப் பாருங்கள்: 100 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை ±10 டெசிபலுக்குள் இருந்தால் போதும், 5 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையோ ±20 டெசிபல். விதிப்படி நடக்கும் ஃபோனே 40 ஹெர்ட்ஸை 15 டெசிபல் குறைத்துக் காட்டலாம், தப்பில்லை.

இப்போது தானியங்கித் திருத்தம் என்ன செய்யும்? 40 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் குறைகிறது என்று நம்பி ஏற்றும். 10 டெசிபல் ஏற்றம் என்றாலே ஆம்ப்பிலிருந்து 10 மடங்கு சக்தி. ஐந்து அங்குல வூஃபர் அந்த அளவுக்கு ஆடமுடியாமல் தட்டும். பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டி, அதாவது ஓட்டைவைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம். ஓட்டையின் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே வூஃபரின் கூம்பைப் பிடித்துவைக்கக் காற்றழுத்தம் இருக்காது.

சரிவு யாருடையது என்று பார்க்க ஃபோனைக் கூம்பின் நடுவுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் வைத்து, ஒலியை மிகவும் குறைத்து ஸ்வீப் ஓட்டுங்கள். இவ்வளவு அருகில் அறையின் பங்கு அடிபட்டுப்போகும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே தெரிவது ஸ்பீக்கரும் மைக்கும் மட்டுமே. மூடிய பெட்டி என்றால் கோடு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் வீதம் சரியவேண்டும், சரிவு ஸ்பீக்கர் தயாரிப்பாளர் சொல்லும் −3 டெசிபல் புள்ளிக்கு (ஒலி 3 டெசிபல் குறையும் அதிர்வெண்) அருகில் தொடங்கவேண்டும். 55 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் 110இலேயே சரியத் தொடங்கினால் குற்றவாளி ஃபோன். ஓட்டைவைத்த பெட்டியில் இந்தச் சோதனையைக் கவனமாகப் படிக்கவேண்டும்: ஓட்டை வேலைசெய்யும் அதிர்வெண்ணில் கூம்பு ஆடுவதே குறைவு என்பதால் அங்கே ஒரு பள்ளம் இயல்பாகவே வரும்.

வேறு நிறுவனத்தின் இன்னொரு ஃபோன் கிடைத்தால் அதே இடத்தில் அதையும் வைத்து அளங்கள். இரண்டிலும் வரும் மேடு அறையுடையது. ஒன்றில் மட்டும் வரும் சரிவு ஃபோனுடையது.

ஆப்பில் செய்யவேண்டியது: திருத்தத்தின் கீழ் எல்லையை உங்கள் ஃபோன் நேர்மையாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தெரியாவிட்டால் 60 ஹெர்ட்ஸ். அதிகபட்ச ஏற்றம் 3 டெசிபல், அதிகபட்ச இறக்கம் 12. ஏற்றத்தையே பூஜ்ஜியமாக வைத்து, இறக்கம் மட்டும் செய்யச் சொன்னாலும் நஷ்டமில்லை. வீட்டு அறைகளில் காதுக்குத் தொல்லை மேடுகள்தான்.

அந்த மேட்டை எப்படி இறக்குவது

அறிகுறி: சில பேஸ் சுரங்கள் மட்டும் குமுறும், மிருதங்கத்தின் தொப்பியா பேஸ் கிதாரா என்று பிரிக்கமுடியாது. கிராஃபில் 40 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மலை.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரக் கான்கிரீட் கூரை என்று வைத்துக்கொள்வோம். முப்பது டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதி வீங்கும் அதிர்வெண். 12 அடி, 3.66 மீட்டர்: 48 ஹெர்ட்ஸ். 10 அடி, 3.05 மீட்டர்: 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் இரண்டும் பத்தடி என்பதால் 57இல் இரண்டு ஒத்ததிர்வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். டைல்ஸ் தரையும் பூச்சுச் சுவரும் இந்த அதிர்வெண்ணை விழுங்குவதில்லை. உங்கள் கிராஃபின் மேடு கணக்கில் வந்த எண்ணுக்கு இரண்டு மூன்று ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் அது அறைதான், ஃபோன் அல்ல. இந்த ஒத்துப்பார்த்தல் ஒரு நாடாவும் கால்குலேட்டரும் கேட்கும்; எந்த மைக்கைவிடவும் நம்பகமானது.

வழுவழுப்பாக்கலை (கிராஃபின் நெளிவுகளைச் சராசரியாக்கும் அமைப்பு) 24இல் ஒரு ஆக்டேவுக்கு மாற்றுங்கள், பேஸுக்கு அதற்குமேல் வேண்டாம். மேட்டின் உச்சி 57, சுற்றுப்புறத்தைவிட 10 டெசிபல் உயரம். உச்சியிலிருந்து 3 டெசிபல் கீழே இரு பக்கமும் 53, 61 என்று இருந்தால் அகலம் 8 ஹெர்ட்ஸ். 57ஐ 8ஆல் வகுத்தால் 7, அதுதான் க்யூ, மேட்டின் கூர்மையைச் சொல்லும் எண். 57 ஹெர்ட்ஸ், −8 டெசிபல், க்யூ 7 என்று ஒரு பாராமெட்ரிக் வடிகட்டி (இந்த மூன்றையும் நாமே குறிக்கும் வகை) போட்டு மறுபடி அளங்கள். முழு பத்தையும் இறக்கவேண்டாம், அறை கொஞ்சம் பேஸ் தரட்டும். இறக்கியபின் மேடு போய் அதன் இரு ஓரத்திலும் சின்னக் கொம்புகள் முளைத்தால் உங்கள் கருவி க்யூவை வேறு மாதிரி கணக்கிடுகிறது: க்யூவை 5க்குக் குறையுங்கள். பத்து பட்டை கிராஃபிக் ஈக்யூவில் இந்த வேலை ஆகாது. 63 ஹெர்ட்ஸ் பட்டையை இறக்கினால் ஒரு ஆக்டேவ் முழுவதும் சேர்ந்து இறங்கும்.

எவ்வளவு ஏற்றினாலும் ஒரு பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது

ஃபோனை 30 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி அளங்கள். பள்ளம் நகர்ந்தாலோ ஆழம் பெரிதும் குறைந்தாலோ, நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அந்தப் புள்ளியில் ஒன்றையொன்று அழிக்கின்றன.

ஈக்யூ பள்ளத்தை நிரப்பவே நிரப்பாது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப்படி அது முழுக்கச் சரியல்ல. 6 டெசிபல் ஏற்றினால் பள்ளத்தின் அடியும் 6 ஏறும். ஆனால் 20 டெசிபல் பள்ளத்துக்கு 100 மடங்கு சக்தி வேண்டும். அறையின் மற்ற இடங்களில் அந்தச் சுரம் அலறும், தலையை ஒரு சாண் திருப்பினால் உங்களுக்கே அலறும். ஆகவே ஈக்யூவை மூடிவிட்டு நாடாவை எடுங்கள்.

ஸ்பீக்கரின் முன்பலகை அதன் பின்னாலுள்ள சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் என்றால், 349ஐ அந்தத் தூரத்தின் நான்கு மடங்கான 3.6ஆல் வகுங்கள்: 97 ஹெர்ட்ஸ். பள்ளம் அங்கே இருந்தால் அந்தச் சுவர்தான். 50 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் பள்ளம் 175 ஹெர்ட்ஸுக்குப் போகும், ஆழமும் வழக்கமாகக் குறையும். பெரிய பெட்டி இல்லாவிட்டால் சுவரோடு ஒட்டியே வைத்து, அதனால் ஏறும் பேஸை ஈக்யூவில் இறக்குவது எளிது. ஏற்றுவதைவிட இறக்குவது எப்போதும் மலிவு.

அடுத்த சந்தேகம் சோஃபா. பன்னிரண்டடி நீளத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் 48 ஹெர்ட்ஸ் அங்கே இருக்காது. ஓரடி பின்னால் தள்ளிப் பாருங்கள்.

இடது தனியாக நன்று, வலது தனியாக நன்று, சேர்ந்தால் பேஸ் காணோம்

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. கம்பியைக் கண்ணால் பார்த்துத் தெரியவில்லை என்றால், கம்பியை ஆம்ப்பிலிருந்து கழற்றி அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்புக் கம்பியில் பட்டால் வூஃபர் வெளியே தள்ளவேண்டும், இரண்டு ஸ்பீக்கரிலும். ஒன்று உள்ளே போனால் அதுதான்.

சப்வூஃபர் சேரும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் பள்ளம் என்றால் சப்பின் ஃபேஸ் சுவிட்சை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) 0, 180 இரண்டிலும் வைத்து அளந்து, பள்ளம் குறைவான பக்கம் விடுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டும்போது 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வரும் சீப்புப் பல் வடிவத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். இரு ஒலியும் ஒரே மைக்கில் கலப்பதால் வருவது அது. மேல்பகுதியைத் தனித்தனியாகத்தான் அளக்கவேண்டும்.

மேடுகள் கணக்குக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், எல்லாமே ஒரே விகிதத்தில் தள்ளி

1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி அளங்கள். 919 என்றோ 1,088 என்றோ காட்டினால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு மாதிரி வீதங்களும் எங்கோ குழம்பியிருக்கின்றன. கோப்பு, பதிவு, மென்பொருள் மூன்றையும் 48இல் வையுங்கள்.

ஒலிப்பது ஒரு கருவி, பதிவது இன்னொரு கருவி என்றால் இரண்டின் கடிகாரமும் துளி வேறுபடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு பத்து விநாடி ஸ்வீப்பில் அரை மில்லிசெகண்ட் ஆகும். மேடுபள்ளம் பார்க்க இது தடையில்லை. ஆனால் ஸ்பீக்கர் தூரம், தாமதம், ஃபேஸ் ஆகியவற்றை இந்தப் பதிவிலிருந்து எடுக்காதீர்கள். தூரத்தை நாடாவில் அளந்து கையால் உள்ளிடுங்கள்.

திருத்தியபின் சத்தம் மங்கிவிட்டது, அல்லது காதைக் குத்துகிறது

மேல்பகுதியை ஃபோன் சொன்னபடி திருத்தியிருக்கிறீர்கள். 10 கிலோஹெர்ட்ஸில் ஒலியலை 3.5 சென்டிமீட்டர்தான், ஃபோனின் உடம்பே அதற்குச் சுவர். மைக் ஓட்டையும் அதன் குழாயும் சேர்ந்து 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எங்கோ ஒரு மேடு வைக்கும். ஆப் அதை ஸ்பீக்கரின் குற்றம் என்று இறக்க, சத்தம் மங்கும். ஃபோனைச் சற்றுத் திருப்பி அளந்தாலே கோடு பல டெசிபல் மாறுவதைப் பார்க்கலாம்.

திருத்தத்தின் மேல் எல்லையை 300 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள், போனால் 500. சின்ன அறையில் அறையின் ஆதிக்கம் ஏறக்குறைய அங்கே முடிகிறது. அதற்கு மேல் ஸ்பீக்கரின் குணம். மேலே எரிச்சல் இருந்தால் திரைச்சீலையும் தரைவிரிப்பும் ஈக்யூவைவிட நன்றாக வேலைசெய்யும்.

மங்கவில்லை, ஆனால் உயிரில்லாமல் மெலிந்து ஒலிக்கிறது என்றால் நேர்கோட்டை இலக்காக வைத்துவிட்டீர்கள். அறையில் நல்ல ஸ்பீக்கர் இயல்பாகவே பேஸில் உயர்ந்து மேலே போகப்போகச் சரியும். பிரூயல் அண்ட் கேயர் நிறுவனம் 1974இல் பரிந்துரைத்த வளைவும் மேலே போகப்போக மெல்ல இறங்குவதுதான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் உயர்வை இலக்காக வைத்துத் தொடங்கிக் காதுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

உச்ச ஒலியில் கரகரப்பு

எந்த வடிகட்டியாவது மேலே ஏற்றியிருந்தால் மொத்த ஒலியை அந்த அளவு முன்கூட்டியே குறைக்கவேண்டும். மிகப்பெரிய ஏற்றம் +3 என்றால் ப்ரீஆம்ப் (ஈக்யூவில் மொத்த ஒலியின் அளவு) −3. இரண்டு ஏற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கூட்டு வளைவின் உச்சியைப் பார்த்துக் கழியுங்கள். ஈக்வலைசர் ஏபிஓ என்ற விண்டோஸ் ஈக்யூ மென்பொருளில் இது தானாக நடக்காது.

வெளி மைக் செருகியும் கிராஃப் மாறவில்லை

ஃபோனின் உடம்பைத் தட்டுங்கள், பிறகு வெளி மைக்கைத் தட்டுங்கள். ஃபோனைத் தட்டியதற்குத்தான் மீட்டர் துள்ளுகிறது என்றால் வெளி மைக் சேரவேயில்லை. டேட்டன் ஐஎம்எம்-6 போன்ற 3.5 மில்லிமீட்டர் மைக்குக்கு நான்கு வளையச் சாக்கெட் வேண்டும். மாற்றியில் செருகினால் அந்த மாற்றி மைக்கையும் ஏற்கும் வகையாக இருக்கவேண்டும். ஹெட்ஃபோனுக்கு மட்டும் என்று விற்கும் மலிவு மாற்றிகள் மைக் கம்பியை இணைப்பதேயில்லை. யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்குக்கு ஓடிஜி (ஃபோனில் யூஎஸ்பி கருவியைச் செருகும் வசதி) வழி, ஃபோன் அமைப்பில் ஓடிஜி இயக்கம். ஆப்பை மூடி, மைக்கைச் செருகி, பிறகு திறங்கள்.

சேர்ந்தபின் அளவுத்திருத்தக் கோப்பு, அதாவது எந்த அதிர்வெண்ணில் மைக் எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கேட்கிறது என்று எழுதிய கோப்பு. மைக்கின் வரிசை எண்ணுக்கு உரியதைத்தான் ஏற்றவேண்டும். யூமிக்-1ஐக் கூரை நோக்கி நிறுத்தினால் 90 டிகிரி கோப்பு. ஸ்பீக்கரை நோக்கினால் 0. குறியீடு தலைகீழாகப் போகாமல் சரிபாருங்கள்: கோப்பில் 20 ஹெர்ட்ஸுக்கு −3 என்றிருந்தால், கோப்பை ஏற்றியபின் கிராஃப் அங்கே 3 டெசிபல் ஏறவேண்டும். இறங்கினால் ஆப் எதிர்மாறாகப் படிக்கிறது. எல்லா எண்களின் குறியையும் மாற்றிச் சேமியுங்கள்.

நண்பரிடம் இப்படி ஒரு மைக் ஒரு மாலைக்கு இரவல் கிடைத்தால், அதையும் ஃபோனையும் மைக் முனைகள் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அளங்கள். ஆர்ஈடபிள்யூவில் ஃபோன் கோட்டை மைக் கோட்டால் வகுத்தால் வருவது உங்கள் ஃபோனின் சொந்த அளவுத்திருத்தம். மூன்று நான்கு இடங்களில் செய்து சராசரி எடுங்கள், 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நேர்கோடாக்கிவிடுங்கள். ஃபோனில் பெரிய மென்பொருள் புதுப்பிப்பு வந்தபின் 6 டெசிபல் சோதனையை மறுபடி செய்யுங்கள். மைக் பதப்படுத்தல் மாறியிருந்தால் இந்தக் கோப்பு அத்தோடு செல்லாது.